வாய்ச்சண்டைக்கு இரண்டு பேர்

அவளை எனக்குப் பிடிக்காது. பாட ஆரம்பிப்பதற்கு முன்பே பிடிக்காது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். குழாயடியில் என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைப்பாள். நான் பள்ளி இறுதி வரை படித்தவள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் அது ஒரு குற்றமாகத் தெரிந்தது. "படிச்ச பொண்ணும்மா, வழி விடுங்க" என்பாள், எல்லோர் காதிலும் விழும்படி.

எங்கள் தெருவில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் முதலில் மோதினோம். சாயங்கால நலங்கில் பெண் வீட்டுப் பெண்களும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் கேலி செய்து ஏசல் பாடுவார்கள். அன்றைக்குப் பாட வேண்டியவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிவிட, அவள் பெண் வீட்டுக்காக எழுந்தாள்.

"மாப்பிள்ளை மீசையைப் பாரு, மாமரத்துக் குருவிக்கூடு
முட்டை ரெண்டு உள்ளே இருக்கு, மொள்ளமாத் தொடைச்சுப் போடு."

கூட்டம் சிரித்தது. அவள் என்னைப் பார்த்து, "ஏண்டி, படிச்சவளுக்கு வாய் இல்லையா?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துவிட்டேன்.

"மணப்பொண்ணு சமையலை மாநகரே பேசுது
கொதிக்கிற ரசத்துக்குள்ளே கொசு ரெண்டு நீஞ்சுது."

அதோடு எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பாடத் தெரிந்தவர் இல்லாத வீடுகளில் அவள் பெண் வீட்டுக்கு, நான் மாப்பிள்ளை வீட்டுக்கு. தாம்பூலத்தோடு ஆளுக்கொரு ரவிக்கைத்துணி. முகூர்த்த மாதங்களில் ஓய்வே கிடையாது. அவளோடு பேருந்தில் போகும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவளும் பேச மாட்டாள். கல்யாண வீட்டு வாசலில் இறங்கியதும் இரண்டு பேருக்கும் வாய் திறந்துவிடும்.

ஏசலுக்கு ஒரே ஒரு விதி. இருப்பதைப் பாடக் கூடாது, இல்லாததைத்தான் பாட வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறவனைக் குருடன் என்று பாடலாம். ஒன்றரைக் கண்ணனைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அதனால்தான் யாருக்கும் கோபம் வராது. கல்யாணத்துக்கு முந்தின நாளே, யாருக்கு என்ன குறை என்று அந்த வீட்டுப் பெண்களிடம் விசாரித்துக்கொள்வோம், தவறியும் தொட்டுவிடக் கூடாதே என்று.

கல்யாண வீட்டாரை ஏசி முடித்ததும் நாங்கள் ஒருவரையொருவர் ஏசத் தொடங்குவோம். ஜனங்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். பொய்ச் சண்டை என்று நினைத்தார்கள்.

வீட்டில் என் மாமியாருக்கு இது ஆகவில்லை. அதற்குக் காரணம் என் பெண். மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது, ஒரு சொல் பேசவில்லை. "ஊரான் வீட்டுப் பிள்ளைங்களையெல்லாம் ஏசிக்கினு வர்றே. அந்தப் பாவம்தான்மா உன் பிள்ளை நாக்கைக் கட்டியிருக்குது" என்பார். கணவர் தறியை விட்டுத் தலை தூக்க மாட்டார். அவர் பேசாமல் இருப்பது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. நான் படித்தவள், இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போதும் காமாட்சியம்மன் குங்குமத்தைக் குழந்தையின் நாக்கில் தடவிவிட்டுத்தான் படியிறங்குவேன். குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறதோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டும் போவேன். போகாமல் இருந்துவிடலாமா என்று கேட்டுக்கொள்வேன். போய்விடுவேன்.

மற்றபடி என் பெண்ணிடம் ஒரு தொந்தரவும் இல்லை. தறி ஓடும் வீட்டிலேயே தூங்குவாள். தொட்டிலுக்கு இரண்டு முழத்தில் தறி அடிக்கும், இமை அசையாது. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். தறிச் சத்தத்துக்கு அழுகிற பிள்ளையைத்தான் குறை சொல்வார்கள். இந்த ஒன்றிலாவது என் பிள்ளை கெட்டிக்காரி என்று மாமியாரும் ஒப்புக்கொண்டார். அவளையும் என்னோடு கல்யாணங்களுக்குத் தூக்கிப் போவேன். மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தில் போட்டால் தூங்கிவிடுவாள்.

ஒரு பெரிய ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். சத்திரம் நிறைய கூட்டம். நலங்கு முடிந்து எங்கள் சண்டைக்கு வந்தோம். அவளுக்கு முத்துப் போன்ற பல்வரிசை. ஆகவே நான்,

"பாட வந்த பெரியம்மாக்குப் பல்லு எல்லாம் கட்டினது
பழைய சோத்தைக் கண்டதுமே பாதி கீழே கொட்டினது"

என்றேன். 'பெரியம்மா' என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சுற்றிலும் பார்த்தாள். மேளக்காரர்கள் பக்கம் கை நீட்டினாள்.

"தவிலு ரெண்டு முழங்கையிலே தரையில் தூங்கும் இவ பொண்ணு
அவிஞ்சு போன பாட்டைக் கேட்டு அடைச்சுப் போச்சு காது ரெண்டு!"

சத்திரமே அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். தவில்காரர் உற்சாகத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அவர் முழங்கைக்குக் கீழே என் பெண் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் படுத்திருந்த வேறொரு குழந்தை வீறிட்டு அழுதது.

எல்லோரும் கைதட்டி, "பதில்! பதில்!" என்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை, "என்னாம்மா, எங்க மானத்தை வாங்கறியே" என்றாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். "எங்கேடி போறே? பாதியிலே எழுந்து போனா நாளைக்கு எவ கூப்பிடுவா நம்மளை?"

"விதி மறந்துபோச்சா உனக்கு? இருக்கிறதைப் பாடிட்டியே" என்றேன்.

"எது இருக்குது? பொய்தானே பாடினேன்? சத்தியமா பொய்யினுதான் பாடினேன்!"

நான் குழந்தையின் காதுக்குப் பின்னால் ஓங்கிக் கைதட்டினேன். மறுபடியும் தட்டினேன். கண்ணைத் திறக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்தால் தெரியாதென்றுதான் தோன்றியது.

சென்னை ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, பிறவியிலேயே காது கேட்கவில்லை, அதனால்தான் பேச்சு வரவில்லை என்றார்கள். "என் பாட்டால் ஏதாவது..." என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் முதலில் புரியாமல் விழித்தார், பிறகு கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்கு ஆறுதலாக இருந்தது. மாமியாரிடம் சொன்னேன். "அந்தச் சிறுக்கி வாய்தான்மா பலிச்சிட்டுது" என்று சாபத்தை எதிர்வீட்டுக்கு மாற்றினார். குழந்தை பிறந்தபோதே கேட்கவில்லை என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை.

ஆவணியில் பக்கத்து ஊரான முசரவாக்கத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. போவதா என்று இரண்டு மனமாக இருந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் பாவம் என்னுடையதுதான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். போனேன். என் பெண்ணை மேளக்காரர்களிடம் விடவில்லை. எங்கள் முகம் தெரிகிற மாதிரி எதிரே உட்கார வைத்தேன்.

அன்று அவள் பாடியது ஏசலே இல்லை. மாப்பிள்ளையின் வேட்டிக் கரையைக் கேலி செய்தாள். என்னை ஏச வேண்டிய இடத்தில் புகழ்ந்தாள். தாய் என்றாள், பொறுமைசாலி என்றாள். பாடும்போது என் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்து உதட்டைப் பிதுக்கி இரக்கப்பட்டாள். பந்தலில் பெண்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி, "பாவம்பா அந்தக் கொழந்தை" என்று அடுத்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. குழாயடியில் என் குடத்தை அவள் நகர்த்திவிட்டபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

"சண்டைக்கோழி கூட்டி வந்தேன், சாமி பாட்டுப் பாடுதம்மா
மண்டையிலே கொண்டை போச்சு, மயிலிறகு தேடுதம்மா!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேணாம்டி, நான் பாவம் பாக்கறேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"உன் பாவத்தை நீயே வச்சுக்கோ. கொண்டை இருந்தா பாடு" என்றேன்.

அவள் முகம் கறுத்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கோழிச்சண்டை பாக்க வந்த குள்ளநரி வாயைப் பாரு
நாழி அரிசிச் சோத்தைத் தின்னும், நாக்கு மட்டும் நாலு கூறு!"

கொட்டாவி விட்டவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். எதிரே என் பெண் எங்கள் இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்து எது திறக்கும் என்று.