உள்ளங்கையால் மூடிய பெட்டி

கம்பெனியில் அவளை எல்லாரும் நொட்டை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வரும் கம்ப்யூட்டர் கேபினெட்டுகளைத் திறந்து, உள்ளமைப்பில் என்ன குறை என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக நொட்டை சொல்லியே சம்பளம் வாங்குகிறாள்; இந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்? வீட்டிலும் கை சும்மா இராது. அலமாரிக் கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள். புருஷன் சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்கு" என்றால், "அத விடுங்க, என்ன குறை?" என்பாள்.

அன்று மேசைக்கு வந்தது ஒரு குட்டிப் பெட்டி. செருப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிது. உள்ளே விரலை விட்டுத் தடவினாள். ஓரங்கள் மடித்திருந்தன, ஃபேனுக்குக் காற்று வர வழி இருந்தது, தூசி வலையைச் சுலபமாகக் கழற்ற முடிந்தது. அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மூடும்போதுதான் குறை தட்டுப்பட்டது. பக்கத் தகடு தானாக உட்காரவில்லை. உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்த வேண்டியிருந்தது. திரும்பத் திறந்தாள். சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுபோகும் தடித்த கறுப்பு வயரில், தகட்டின் விளிம்பு ஒரு கோடு போட்டிருந்தது. மூடிப் பார்க்காமல், திறந்தே வைத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது படவே படாது.

"வயர் நசுங்குது சார். நாள்பட்டா தோல் அறுந்துடும். பத்திக்கும்," என்றாள் மேனேஜரிடம்.

"மூடிடுச்சுல்லக்கா? அப்புறம் என்ன?" அவர் நிமிரவே இல்லை. "இந்த வருஷம் மூணு பெட்டிய திருப்பி அனுப்பிட்டீங்க. இதையும் அனுப்பினா உங்க செக்‌ஷனையே இழுத்து மூடச் சொல்றாங்க மேலிடத்துல. உங்களோட அஞ்சு பேரு போவாங்க. அடுத்த லாட்டுல தகட்ட மாத்திடலாம். முதல் லாட்டு ஸ்கூலுக்குத்தான் போகுது. உங்க பொண்ணு பாடம் எடுக்கிற ஸ்கூல்கூட லிஸ்ட்ல இருக்கே, சந்தோஷப்படுங்க."

அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. பயந்தாள். பயந்துகொண்டே, கோடுதானே விழுந்திருக்கிறது, அறுபடவில்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று ராத்திரி மகளிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தாள். எந்த முகத்தோடு சொல்வது?

மூன்றாவது வாரம், காலை பதினொரு மணிக்கு மகளே போன் செய்தாள்.

"அம்மா, உங்க பெட்டி முப்பதும் மாட்டியாச்சு! இன்னிக்குத்தான் முதல் கிளாஸ். லேசா பிளாஸ்டிக் வாசன வருது. புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்."

"எல்லாத்தையும் அணைடி! மெயின அணை! பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போ!"

"ஏம்மா கத்துற? ஹெட்மாஸ்டரும் இப்படித்தான் பயந்தாரு, அணைச்சிடலாம்னாரு. எங்கம்மா பாத்து கையெழுத்துப் போட்டது சார், அவங்ககிட்ட ஒரு குறை தப்பாதுன்னு சொன்னேன். அப்புறம்தான் விட்டாரு."

"அந்தக் கையெழுத்து..." என்று ஆரம்பித்தாள்.

"மிஸ், இதுல புகை வருது," என்றது அந்தப் பக்கம் ஒரு பிள்ளையின் குரல்.

"தொடாத, இதோ வரேன்," என்றாள் மகள். போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.