கரிவலம்வந்தநல்லூரில் மூன்று துதிக்கை யானை

போன தை மாதம், ஒரு புதன்கிழமை, கரிவலம்வந்தநல்லூர் கோயிலின் பழைய சுவரோவியங்களைப் பார்க்கப் போனேன். முப்பத்தொரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு வலது கையில் நடுக்கம் வந்தது. ஒன்றரை வருடமாகப் பென்சிலைத் தொடவில்லை. இனி வரைவேனா என்று எனக்கே சந்தேகம். எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த ராயகிரி செல்லையாதான் விடவில்லை.

"உம்ம கண்ணு நல்லாத்தானே இருக்கு? பார்க்கவாவது வாரும் வே."

சங்கரன்கோவிலில் காலை 7.40க்கு ராஜபாளையம் பேருந்து. சுமார் பத்து கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். இடப்பக்க சன்னலில் மலை தெரியும்.

வழியில் என் ஜூன் மாத முதல் பாடம் நினைவுக்கு வந்தது. கரும்பலகையில் ஒரு மாடு வரைவேன். குகையில் இருந்தவன் இதைக் காவிக்கல்லால் வரைந்தான், கோயிலில் காவியைக் கரைத்துத் தூரிகையால் வரைந்தார்கள், உங்களுக்குப் பென்சில் இருக்கிறது என்பேன். பிறகு, சுத்தமாக ஒரே கோடு, கூடுதல் கோட்டுக்கு ஒரு மார்க் குறையும் என்று மிரட்டுவேன். பிள்ளைகள் உடனே ரப்பரைத் தேடுவார்கள்.

கோயில் மண்டபச் சுவரில் ஒரு யானை. வண்ணம் பாதி உதிர்ந்து, அடியில் முதலில் போட்ட காவிக் கோடுகள் வெளியே வந்திருந்தன. துதிக்கையை ஓவியர் மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறார். முதல் இரண்டையும் வண்ணத்தால் மூடியிருக்கிறார். இப்போது மூன்றும் தெரிகின்றன.

"இவருக்கு எத்தன மார்க் வே போடுவீரு?" என்றார் செல்லையா.

"பத்துக்கு எட்டு."

"எட்டா? எம் மவன் யானைக்கு ஆறு போட்டீரு. வீட்டுல வந்து சோறு திங்கல அவன்."

நான் யானைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் பையிலிருந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, தூணில் சாய்ந்துகொண்டார்.

முதல் கோடு நடுங்கி விலகியது. பக்கத்தில் இன்னொன்று போட்டேன். அதுவும் சரியில்லை. மூன்றாவதில் துதிக்கை வளைந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். செல்லையா நோட்டை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு," என்றார்.

போகிறவர்களுக்கு: கோயில் நடையை மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். சுவரைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ரப்பர் வேண்டாம். நான் பழக்கத்தில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனது உறை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.