பாதத்துக்கு நேராக

"...உள்ள குண்டே இல்லீங்ண்ணா, பாப்பாவ இப்பிடி வந்து நிக்கச் சொல்லுங்க" என்றார் துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்து மாஸ்டர். பேசப்பேச அவர் கையிலிருந்த துப்பாக்கியின் குழல் என் மகள் பக்கம் திரும்பியது. துப்பாக்கி எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

சின்ன வயதில் எங்கள் கொழிஞ்சாம்பாறை வீட்டிலும் இதே வாடைதான். கடலைக்காட்டில் பன்றி விரட்டும் பக்கத்துத் தோட்டத்து மாமா, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு காப்பிக்கு உட்கார்ந்திருப்பார். குழல் என்னைப் பார்த்திருக்கும். "அதுல ஒண்ணுமில்ல சாமி" என்பார். அம்மா நம்பமாட்டாள், டம்ளரைக் கொடுக்காமல் நிற்பாள்.

"ஒண்ணுமில்லைன்னா உங்க பாதத்துக்கு நேரா புடிச்சு அமுத்துங்கண்ணா, அப்பறம் காப்பி குடிக்கலாம்" என்பாள்.

மாமா ஒருநாளும் அமுத்தியதில்லை. வெளியே போய்த் தோட்டாவை உருவிவிட்டுத்தான் வருவார்.

மகளை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, மாஸ்டரிடம் அதையே சொன்னேன். அவர் சிரித்தபடி குழலைத் தன் ஷூவுக்கு நேராகத் தாழ்த்தினார். விசையில் விரலை வைத்தவர், மெதுவாகக் காலை நகர்த்திக்கொண்டார்.