சம்மனசு முடி

பூக்காலம் என்று யாராவது ஆசையாகப் பேசத் தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன். எனக்குப் பூ பிடிக்காது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். எனக்குப் பூ உயிர். ஆனால் எங்கள் மன்னார்த் தீவில் பூவும் காய்ச்சலும் ஒரே மழையில் வருபவை. ஒன்றைப் பற்றிப் பேசிவிட்டு மற்றதை விழுங்கிக்கொள்ள எனக்குத் தெரியாது.

கோடை முழுக்கச் சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். அப்போது தீவில் பச்சையாக நிற்பவை எருக்கலையும் பனையும்தான். ஐப்பசியில் மழை இறங்கும். மார்கழி பிறப்பதற்குள் இது நம் ஊர்தானா என்று கேட்கும்படி ஆகிவிடும். வேலிகளில் கார்த்திகைப்பூ ஏறும். கோயிலுக்குப் போகும் ஒழுங்கையில் பட்டிப்பூ வெள்ளையும் ஊதாவுமாக மணலை மூடிக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் செருப்பில்லாக் காலால் அந்த ஈரத்தில் வேண்டுமென்றே மெதுவாக நடப்போம். அந்த நாட்களில் நான் பட்ட சந்தோசத்தைப் பிறகு எதிலும் பட்டதில்லை.

அதே மழைத் தண்ணீர் பள்ளங்களில் தேங்கும். தையில் வீட்டுக்கு வீடு பாய் விரித்துப் பிள்ளைகள் நடுங்கிக் கிடப்பார்கள். அரசாங்க டிஸ்பென்சரி அப்போதிக்கரி போத்தலில் கொயினாத் தண்ணீர் கொடுப்பார். சில பிள்ளைகள் எழும்பும். சில எழும்பாது.

ஞானஸ்நானம் பெற்ற சின்னப் பிள்ளை இறந்தால் எங்கள் ஆட்கள் அதைச் செத்தவீடு என்று சொல்வதில்லை. பிள்ளை சம்மனசாகி, தேவதூதர்களோடு சேர்ந்துவிட்டது என்பார்கள். கோயில் மணியைத் துக்கமாக இழுத்து இழுத்து அடிக்காமல், திருநாளுக்கு அடிப்பதுபோல் கடகடவென்று அடிப்பார்கள். வெள்ளை உடுப்புப் போட்டு, தலையில் வெள்ளைப் பூவால் கிரீடம்போல் முடி கட்டி வைத்து, வெயில் தாழ அடக்கம் செய்வார்கள். தாய் அழக்கூடாது. அழுதால் சம்மனசின் செட்டை நனைந்து, பறக்கமுடியாமல் போய்விடுமாம். இதைக் கண்டுபிடித்தவர் பிள்ளை பெற்றவராக இருக்க மாட்டார்.

அந்த முடிக்குப் பூ கொடுத்தவள் என் பெரியம்மா, அம்மாவின் தமக்கை. ஊரின் அந்தத்தில், கடற்கரைப் பக்கம் அவளுக்கு ஒரு வளவு இருந்தது. அதில் இருந்த கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அந்தப் பக்கத்தில் சுற்றிவர எங்கே தோண்டினாலும் உவர்தான். அந்தத் தண்ணீரை இறைத்து அவள் முல்லையும் நந்தியாவட்டையும் வளர்த்தாள். கழுதைகள் புகாமல் வேலிக்கு இரட்டை முள் கட்டியிருந்தாள். மாலையில் முல்லை அவிழும்போது அந்த மணம் மீன் வாடி வரைக்கும் போகும். கருவாடு காயப்போடுகிற ஆட்களும் ஒரு நிமிசம் நின்று மூச்சை இழுத்துக்கொள்வார்கள்.

ஆனால் உயிரோடிருக்கிற ஒருத்திக்கும் அவள் ஒரு பூ கொடுத்ததில்லை. ஒருமுறை வெள்ளைக்காரத் துரையின் பெண்சாதி குடை பிடித்துக்கொண்டு, கந்தோர்ப் பியூனையும் கூட்டிக்கொண்டு அவளுடைய தோட்டம் பார்க்க வந்தாள். பங்களாவில் சீமைப் பூச்செடிகள் உப்புக் காற்றில் கருகிப்போன கவலை அவளுக்கு. பெரியம்மா கதிரை போட்டு, இளநீர் கொடுத்து, எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினாள். துரைசாணி ஒரு முல்லைக் கொத்தைத் தொட்டதும், அதைப் பிடுங்கக் கூடாது என்று அவளிடம் சொல்லும்படி பெரியம்மா பியூனிடம் சொன்னாள். பியூன் பயத்தில் அதை எப்படி மொழிபெயர்த்தானோ தெரியாது, துரைசாணி சிரித்துக்கொண்டே போனாள்.

எங்களுக்கு அவள் சொல்வது இன்னும் கொடூரமாக இருக்கும். என் தங்கைக்கு ஐந்து வயது. பூவென்றால் பைத்தியம். படலையில் நின்று கை நீட்டுவாள்.

"பூ வேணுமெண்டால் சாகவேணும் பிள்ளை. செத்தால் தலை நிறைய வைச்சு விடுறன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டாள். அவள் ஏன் அப்படி இருந்தாள் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கு ஒரேயொரு பெண்பிள்ளை இருந்தது. மழை பொய்த்த ஒரு வருசம் அது காய்ச்சலில் போனபோது தீவில் ஒரு வெள்ளைப் பூக்கூட இருக்கவில்லை. வெறுந்தலையோடு அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தோட்டம். இனி இந்த ஊரில் ஒரு பிள்ளையும் வெறுந்தலையோடு போகக்கூடாது என்று பங்குச் சுவாமிக்கு முன்னால் சொன்னாளாம். அதற்காக எல்லோரும் அவளுடைய நாக்கைப் பொறுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் பொறுத்ததில்லை.

அந்த வருசம் நல்ல மழை. பூவும் நல்ல பூ. தையில் என் தங்கை படுத்தாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி, சம்மாட்டியின் வள்ளத்தில் கடல்தொழிலுக்குப் போகும் ஒருவருடைய மகளும் படுத்தாள். இரண்டு பேரும் ஒரே வயது, ஒன்றாகவே திரிந்தவர்கள். ஒருநாள் பின்நேரம் சுவாமி எங்கள் வீட்டுக்கு வந்து தங்கைக்குச் செபம் சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மாவும் வந்து பார்த்தாள். கையைத் தொட்டாள், காலைத் தொட்டாள், தன் வளவுக்குத் திரும்பினாள். விடியமுன் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

விடிந்தபோது தங்கைக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள். அம்மா ஓடிப்போய்க் கஞ்சி வைத்தாள். அந்த நேரத்தில்தான் கோயில் மணி கடகடவென்று அடித்தது. அது மற்றப் பிள்ளைக்கு.

ஊரின் அந்தத்தில் இருந்த பெரியம்மாவுக்கு மணி மட்டும்தான் கேட்டது. மணி யாருக்கு என்று அவள் போய்க் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள். தோட்டத்தில் இறங்கி எல்லாவற்றையும் ஆய்ந்தாள். விரிந்த பூ, மொட்டு, அடுத்த நாள் அவிழவேண்டியது, ஒன்றையும் விடவில்லை. ஈர்க்கில் வளையம் செய்து, அதன் மேல் பூவை அடுக்கி அடுக்கிக் கட்டினாள். எங்கள் ஊர் வழக்கப்படி, கட்டும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் முடிச்சுப் போடவேண்டும். என் தங்கையின் பெயரைச் சொல்லி அவள் அந்த முடியைக் கட்டி முடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மணலில் விழுந்தெழும்பி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

தங்கை சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா வாசலிலேயே நின்றாள். அவளுடைய முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. தங்கை முடியைப் பார்த்தாள். கோப்பையை வைத்துவிட்டு, "எனக்கா பெரியம்மா?" என்று கேட்டாள். பெரியம்மா விம்மிக்கொண்டே போய் அதை அவளுடைய தலையில் வைத்தாள். உயிரோடிருந்த ஒருத்திக்கு அவள் கொடுத்த முதல் பூ அதுதான். அம்மா சிரித்தாள், அழுதாள், இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். எனக்கும் ஒரு கணம் பெரியம்மாவைப் பிடித்துப்போனது.

செத்த பிள்ளையின் தகப்பன் அப்போதுதான் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பூக் கேட்டுப் பெரியம்மாவின் வளவுக்குப் போயிருக்கிறார். அங்கே செடிகள் மொட்டையாக நின்றன. கால்தடத்தைப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் தங்கையின் தலையையே பார்த்தபடி அம்மாவிடம் கேட்டார்.

"அக்கா, அந்த முடியத் தாங்கோ. பிள்ளைக்கு வேற பூ இல்லை."

அம்மா என் தங்கையின் தலையைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். கை மெல்ல எழும்பியது. பெரியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இது இவளின்ர பேரைச் சொல்லிக் கட்டினது. உன்ர பிள்ளையோட மண்ணுக்குள்ள போனால் இவளையும் இழுத்துக்கொண்டு போகும். தரமாட்டன்."

வெறுந்தலையோடு தன் பிள்ளையைப் புதைத்தவள் சொன்னது இது. அவர் அவளோடு வாதாடவில்லை. அப்படியொரு பயம் அவருக்கும் இருந்திருக்கும், எங்கள் ஊரில் யாருக்குத்தான் இல்லை. திரும்பிப் போனார். அம்மா வாய் திறக்கவில்லை. அம்மாவை நான் மன்னிக்காத விசயங்களில் இது ஒன்று.

பின்நேரம் அடக்கத்துக்குப் போனோம். அந்தப் பிள்ளையின் தலையில் எருக்கலம்பூ முடி இருந்தது. தாய்தான் ஆய்ந்து கட்டியிருக்கிறாள். ஆடும் தின்னாத பூ. முறித்த காம்புகளில் இருந்து பால் வடிந்து பிள்ளையின் நெற்றியில் காய்ந்து ஒட்டியிருந்தது. தாய் அதைத் துடைக்கவில்லை, அழவும் இல்லை. சேமக்காலையில் குழியைச் சுற்றி எல்லோரும் குனிந்து நின்றபோது அவள் மட்டும் நிமிர்ந்து எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தபோது தங்கையின் முடி வாடிப் பழுப்பாகியிருந்தது. அம்மா அதைக் குப்பையில் போட்டாள். தங்கை அதற்காக ஒரு பாட்டம் அழுதாள்.

அந்தத் தாய் எங்களைத் திட்டவில்லை. சண்டைக்கும் வரவில்லை. ஒரு கிழமை கழித்துத் தன் வளவில் குழி தோண்டி முல்லை நட்டாள். அவளுடைய கிணறு உவர். ஊர்க் கிணற்றில் மற்றப் பெண்கள் குடிக்க அள்ளியதற்குப் பிறகு, தன் முறை வரும்வரை நின்று, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து முல்லைக்கு ஊற்றினாள். கோடையில் அவளுடைய புருசனுக்கே குளிக்கத் தண்ணீர் இருக்காது, முல்லைக்கு இருக்கும். பைத்தியம் என்றார்கள். இரண்டு மாரி போனதும் அவளுடைய வேலிக்கு மேலால் வெள்ளையாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு மணி அடித்தால் அவள் யாரும் கேட்குமுன் முடியோடு போய் நிற்பாள். ஊர்ச் சிறுமிகள் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒரு கொத்துக் கொடுப்பாள். திருநாளுக்கு மாதா சுரூபத்துக்கும் அவளுடைய பூதான். பெரியம்மாவின் படலையை யாரும் திறப்பதில்லை. அவள் வழக்கம்போல் இறைத்தாள், ஊற்றினாள், காலையில் பூ முழுவதும் மணலில் உதிர்ந்து கிடக்கும். அவள் அதைக் கூட்டி அள்ளி வேலிக்கு வெளியே கொட்டுவாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வேணுமெண்டால் கொஞ்சம் ஆய்ந்துகொண்டு போ என்றாள். எத்தனை வருசமாக ஏங்கிய பூ. எனக்கு வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒரு புயலில் கடல் ஏறிக் கிணறு உவராகிப் போனது. செடிகள் நின்ற நிலையில் கருகின. அவள் ஒன்றையும் பிடுங்கி எறியவில்லை, அந்தக் குச்சிகளுக்கு நடுவிலேயே இருந்தாள்.

என் தங்கை வளர்ந்தாள். நானாட்டானில் வயல் உள்ள ஒரு குடும்பத்தில் சம்பந்தம் வந்தது. தை மாதம் கல்யாணம். அந்த நேரம் மெழுகுப் பூ முடி கொழும்பிலிருந்து வரத் தொடங்கியிருந்தது. தங்கை நிசப் பூ முடிதான் வேண்டும் என்று நின்றாள். பூ இருந்தது ஒரு வளவில்தான். யாரும் போய்க் கேட்கத் துணியவில்லை. அப்போது அந்தத் தாயே ஆள் அனுப்பினாள், கல்யாண முடியைத் தான் கட்டித் தருவதாக. அம்மா முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னாள். இத்தனை வருசத்துப் பாரமும் இறங்கிவிட்டது என்றாள். பெரியம்மா மட்டும் பாயில் கிடந்தபடி, மெழுகு முடியையும் ஒன்று வாங்கி வையுங்கோ என்றாள். கிழவிக்குப் பொறாமை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கல்யாணத்தன்று காலை அந்தத் தாய் ஓலைப்பெட்டியோடு வந்தாள். தங்கை வெள்ளை உடுத்து, தலையில் வலைத்துணி நெட்டுப் போட்டுக் கதிரையில் இருந்தாள். வந்தவள் பெட்டியைத் திறந்து முடியை எடுத்தாள். அவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய ஒரு முடியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. ஒரு மொட்டுக்கூடப் பிசகவில்லை. ஆனால் அது ஐந்து வயதுப் பிள்ளையின் தலைக்குக் கட்டிய முடி.

"அண்டைக்கு உங்கட தலையில இருந்தது இந்த அளவுதானே, பிள்ளை?" என்றாள், மிகவும் அன்பாக.

என் தங்கைக்கும் எங்கள் வீட்டு ரத்தம்தான். ஓம், இந்த அளவுதான் என்றாள். என்னிடம் ஊசி கேட்டாள். அந்தச் சின்ன வளையத்தை உச்சியில் வைத்துக் குத்திக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் ஊரார் ஒருவரும் தலை நிமிரவில்லை.

பூசை முடிந்து கல்யாணப் பூவை மாதாவுக்கு வைப்பது வழக்கம். தங்கை மாதாவைத் தாண்டி வெளியே இறங்கினாள். நெட்டு மணலில் இழுபட, சேமக்காலைக்குப் போனாள். அந்தப் பிள்ளையின் சின்னக் குருசைத் தேடிப்பிடித்து, முடியைக் கழற்றி, அதன்மேல் வைத்துவிட்டு முழந்தாளிட்டாள். நான் பின்னால் நின்றேன். எனக்கும் பின்னால் அந்தத் தாய் வந்தாள். இனியாவது இவள் அழுவாள் என்று நினைத்தேன்.

அவள் குனிந்து முடியை எடுத்தாள்.

"உன்ர தலையில இருந்ததை அண்டைக்குத்தான் கேட்டனாங்கள்" என்றாள். "இண்டைக்கு வேண்டாம்."

மதிலுக்கு வெளியே வீசிவிட்டு, தங்கையின் பக்கம் திரும்பியும் பார்க்காமல் போனாள். அங்கே கழுதைகள் நின்றன. எருக்கலையைத் தின்னாதவை முல்லையைத் தின்றன.