அண்ணனின் தெலுங்கும் என் தமிழ்ப் பதிலும்

ஓராண்டு ஓடிவிட்டது. அண்ணன் அவர்களின் நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தங்கை வணக்கத்துடன் எழுதுவது.

அண்ணன் பிறந்தது ஓடைப்பட்டியில். அப்பா இளவயதிலேயே தவறிவிட, அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுத் திராட்சைத் தோட்டத்தில் இறங்கினார்கள். மழையில் பூ உதிர்ந்த வருடங்களில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்னைப் படிக்க வைத்தார்கள். நான் தமிழாசிரியை ஆகி, பழனிசெட்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டேன். "உங்களுக்கும் ஒரு பொண்ணு பாப்பமாண்ணே?" என்று கேட்டபோதெல்லாம் சிரித்தே மழுப்பிவிட்டார்கள்.

நம் வீடுகளில் பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ். நாயக்கர் காலத்தில் வடக்கேயிருந்து வந்த முன்னோர்கள் பேச்சை மட்டும் கொண்டுவந்து சேர்த்தார்கள்; எழுத்து வழியில் எங்கோ நின்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகை தமிழில் அடிப்போம், அதில் பேர் விட்டுப்போனதற்குத் தெலுங்கில் சண்டை போடுவோம். அண்ணனுக்கு அந்த மொழி மேல் அப்படியொரு பித்து. "நம்ம பாஷைல எந்த வார்த்தையும் உயிரெழுத்துலதான் முடியும். வாய் தொறந்தே இருக்கும், கோவிச்சுக்கிட்டு மூடிக்கிற முடியாது" என்பார்கள்.

அம்மாவும் போனபிறகு அந்த வீட்டில் தெலுங்கு பேச ஆளில்லை. அக்கம்பக்கமும் தமிழுக்கு மாறிவிட்டது. ஒருமுறை திருப்பதி போன அண்ணன் ஓட்டலில் ஆசை ஆசையாகத் தெலுங்கில் சோறு கேட்டிருக்கிறார்கள். பரிமாறியவர் முழுதும் கேட்டுவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்க சார்" என்றாராம். ஊர் வந்ததும் வராததுமாக எனக்குப் போன்.

"நாம பேசுறது தெலுங்கே இல்லையாம்ல! எத்தனை தலைமுறையாப் பொத்திப் பொத்தி வச்சிருந்தோம் ஆத்தா" என்று சிரித்தார்கள். தெலுங்கில்தான் சொன்னார்கள்; அச்சுக்காகத் தமிழில் தருகிறேன். பிறகு குரல் இறங்கி, "அங்கனயும் நம்மளச் சேத்துக்கல. இனி நீயும் நானும் பேசிக்கிட்டாத்தான் உண்டு" என்றார்கள்.

"சரிண்ணே, வகுப்புக்கு நேரமாச்சு" என்று தமிழில் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதுதான் என் வழக்கம். அவர்கள் தெலுங்கில் கேட்பார்கள், நான் தமிழில் பதில் சொல்வேன். தமிழ் டீச்சர் வீட்டில் தெலுங்கா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதாம். என்ன வீம்பு எனக்கு! என் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் சொல்லித் தரவில்லை. அண்ணன் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அடுத்த போனிலும் தெலுங்கில்தான் ஆரம்பிப்பார்கள்.

போன வருடம் பக்கவாதம் தாக்கியது. தேனி மருத்துவமனையில் கண் விழித்தபோது அண்ணனுக்குத் தமிழ் போய்விட்டிருந்தது. முதலில் பேசிய மொழி மட்டும் சிலருக்கு மிஞ்சும் என்றார் மருத்துவர். நான் போய்ச் சேர்ந்ததும் செவிலியர் ஓடி வந்து, "அய்யா காலைலருந்து என்னமோ கேக்குறாக, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார்.

"நீளு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர். பாழும் தண்ணீருக்கு அரைநாள் தவித்திருக்கிறார்கள்.

பதினோரு நாள் கூடவே இருந்தேன். என் தெலுங்கு தடுக்கித் தடுக்கி வந்தது, பாதி தமிழ். அதற்கே அவர்கள் முகம் மலர்ந்தது. மழை, பந்தல், அம்மா வைக்கும் குழம்பு என்று முப்பது வருடப் பேச்சையும் பேசப் பார்த்தோம். கடைசி இரவு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். சமைக்க, உழ, திட்ட, கொஞ்ச எல்லாவற்றுக்கும் சொல் உண்டு. மன்னிப்புக்கு மட்டும் எங்கள் வீட்டுத் தெலுங்கில் ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை. காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"ஏடவகு செல்லி" என்றார்கள். அழாதே தங்கச்சி. மறுநாள் விடிந்ததும் போய்விட்டார்கள்.

பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கொடி காயாமல் தண்ணீர் பாய்ச்சிய பங்காளிகளுக்கும், துக்கத்தில் துணை நின்ற காமயகவுண்டன்பட்டிச் சொந்தங்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பேச்சு மறக்காதவர்கள் என்னை எங்கே பார்த்தாலும், பள்ளிக்கூட வாசலே ஆனாலும், தெலுங்கில் கூப்பிடுங்கள். தப்பும் தவறுமாகவாவது தெலுங்கிலேயே பதில் சொல்கிறேன்.