வேலியோரப் புல்லும் கார்டின் நிபந்தனைகளும்

எண்பதுகளின் கடைசியில் சேத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. வீட்டுக்காரருக்கு ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் வேலை; தோப்பு என் தலையில் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஃபாரஸ்ட். தை பிறந்தால் வேலியோரப் புல் அப்பளமாகக் காய்ந்துவிடும். மலையில் எங்கோ பிடிக்கிற தீ அந்தப் புல்வழியே இறங்கினால் பூத்து நிற்கிற மரமெல்லாம் போச்சு. அதற்கு முன்னால் நாமே அதைக் கொளுத்திவிட வேண்டும். நம் இஷ்டத்துக்குக் கொளுத்தவும் முடியாது. ரேஞ்சர் ஆபீசில் எழுதிக் கொடுத்து, ஃபாரஸ்ட் கார்டு நேரில் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

கார்டு வந்தார். ஒல்லியான மனுஷன், காக்கி பேன்ட் மட்டும் புத்தம்புதுசு. சைக்கிளை விட்டு இறங்கும்போதே, "தண்ணி எங்கக்கா?" என்றார். செம்பை நீட்டினேன்.

"குடிக்கதுக்கு இல்ல, தீய அணைக்க. நாலு பீப்பாய் வேணும்" என்று சொல்லி, செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்.

நாலு பீப்பாய் நிரப்பி வைத்தேன். மறுவாரம் வந்தவர், "பச்சைக் குழையோட ஆறு ஆளு நிக்கணும்ல?" என்றார். மூன்றாவது வாரம் ஆறு பேரும் வேப்பங்குழையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர் மரத்துக்கும் புல்லுக்கும் நடுவே எட்டு வைத்து அளந்து, "எடவெளி பத்தாது. இன்னும் நாலு எட்டு செதுக்கணும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தீப்பெட்டி இல்லாமலே புல் பிடித்திருக்கும்.

"ஏன் சார், இதையெல்லாம் மொத நாளே சொன்னா வாய் வலிக்குமா?"

"சட்டம்னா படிப்படியாத்தான்க்கா போகணும்."

ஆறு பேரும் குழையைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் செதுக்கி முடித்தார்கள்.

"நாளைக்குக் காலைல கொளுத்துங்க. இந்நேரம் காத்தடிக்கும், தீக்குச்சியக் கிழிச்சாலே கேசு" என்ற கார்டு, குடித்துக்கொண்டிருந்த பீடியைச் சுண்டி எறிந்தார். அது வேலியோரம் விழுந்தது.

புல் குப்பென்று பிடித்தது. காற்று தோப்புப் பக்கம்தான் அடித்தது. எங்களுக்கு முன்னே பாய்ந்து குழையால் சாத்தியவர் அவர்தான். செதுக்கிய இடத்துக்கு வந்ததும் தீ திணறியது. நாலு பீப்பாயும் காலி. அரைமணி நேரத்தில் எல்லாம் அடங்கியபோது ஒரு பூங்கொத்துகூட வாடவில்லை. அவர் பேன்டில் மட்டும் ஒரு கால் எரிந்து முழங்காலோடு நின்றுவிட்டது.

முகமெல்லாம் கரியாக வந்து நின்றார். "யக்கா, ரேஞ்சருக்குத் தெரிஞ்சா வேல போயிரும். வீட்டுல மூணு பொம்பளப் புள்ளைய."

மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்சையெல்லாம் விழுங்கினேன். அந்த மனுஷன் கேட்ட பீப்பாயும் குழையும் நாலு எட்டும்தானே என் மரங்களைக் காப்பாற்றின.

நோட்டை எடுத்து எழுதி நீட்டினார். 'என் முன்னிலையில் எரிக்கப்பட்டது. சேதம் இல்லை.'

"பேன்ட்ட எழுதலையா சார்?"

"எழுதுனா எப்படின்னு கேப்பாக."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த தையில் எழுதிக் கொடுத்த மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். பீப்பாயும் ஆளும் குழையும் முன்னமே தயார்; நான் கையை நீட்டினேன். அவர் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்தத் தீப்பெட்டியாலேயே புல்லைக் கொளுத்தினேன்.