மூன்றாவது அழைப்பு

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜாதவ்பூரில் எங்கள் தெரு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். கணவரின் துறைமுக வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், பட்டப்பகலில் ஓர் ஊருக்கே எப்படித் தூக்கம் வருகிறது என்று கேலி செய்வேன். இப்போது அந்த அமைதி எனக்குப் பிடிப்பதில்லை. எங்கோ யாரோ யாரையோ கூப்பிட்டால் காதருகில் கேட்கிறது.

பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை நான். வாரம் ஒருமுறை, மதிய இடைவேளையில், பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளுக்கு மாடி அறையில் கிறிஸ்தவக் கிளப் நடத்துகிறேன். ஒரு பாட்டு, ஒரு வேதாகமக் கதை, ஜெபம். பாதிப் பேர் என் முறுக்குக்காகத்தான் வருகிறார்கள். வரட்டுமே.

அன்று சிறுவன் சாமுவேலின் கதை. ஆலயத்தில் படுத்திருப்பவனை ஒரு குரல் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிடுவது கடவுள் என்று தெரியாமல், அவன் 'இதோ, இருக்கிறேன்' என்று எழுந்து வயதான ஆசாரியரிடம் ஓடுவான். ஊரில் ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளி நடத்திய என் அம்மாவுக்கு மிகவும் பிடித்த கதை. எங்கள் வீட்டில் அதுதான் சட்டமும். அவள் ஒருமுறை கூப்பிட்டால் 'என்னம்மா' என்று உடனே குரல் கொடுக்க வேண்டும். போன வருடம் அவள் இறந்தபோது நான் விமானம் பிடித்துப் போவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அது இன்னும் ஆறவில்லை.

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்த இடத்தில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஷாடா திதே நேய், மிஸ்!" என்று ஒருவன் வங்காளியில் கத்தினான். பதில் கொடுக்கவே கூடாதாம். இங்கே இரவிலோ ஊர் அடங்கிய மதியத்திலோ நிஷி என்ற ஒன்று, தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். இரண்டு தடவைக்கு மேல் அதற்குக் கூப்பிட முடியாது. மூன்றாவதும் கேட்டால்தான் மனிதக் குரல். அதற்குள் பதில் சொல்லிப் போனவர்கள் திரும்பியதில்லை.

நான் சிரித்துவிட்டேன். "கடவுள் கூப்பிட்டா பயப்படக் கூடாது. உடனே பதில் சொல்லணும்."

"உடனேவா, மிஸ்?" என்று கேட்டாள் ரிமி. வாயே திறக்காத இரண்டாம் வகுப்புப் பெண்.

"ஆமா, உடனே."

அடுத்த வாரம் எல்லோரும் கண்மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தபோது, "ஜாச்சி, மா" என்று ஒரு குரல். இதோ வருகிறேன் அம்மா என்று அர்த்தம். கண் திறந்தேன். ரிமி மூடிய கண்களோடு பால்கனிக்குப் போய், கம்பியில் ஒரு காலை வைத்திருந்தாள். பாய்ந்து பிடித்தேன். கை சில்லிட்டிருந்தது. கீழே தெருவில் ஒருவருமில்லை.

பள்ளி விட்டதும் ரிமியின் பிஷி, அதாவது அத்தை, வந்தாள். ரிமியின் அம்மா போன மழைக்காலத்தில் இறந்துபோனதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். "மா கூப்பிடுறான்னு ராத்திரியெல்லாம் சொல்லும். போகாதேன்னு பிடிச்சு வெச்சிருந்தோம். நீங்க போகச் சொன்னீங்களாமே?"

"நான் கடவுளைச் சொன்னேன்."

"கொழந்தைக்கு அது எப்படிங்க தெரியும்?" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் கணவர், "பேசாம கிளப்ப நிப்பாட்டிரு, ஜெபா" என்றார். நிறுத்தலாம். ஆனால் ரிமியிடம் நான் சொன்னதை வேறு யார் போய் மாற்றிச் சொல்வார்கள்?

அடுத்த முறை பால்கனிக் கதவைத் தாழிட்டுவிட்டு அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் அம்மா கேட்டால் மன்னிக்கவே மாட்டாள், ஆனாலும் சொன்னேன். "மூணாவது தடவை கூப்பிட்டா மட்டும் பதில் சொல்லு. அதுக்கு முன்னாடி கூடாது."

"மூணாவது தடவை மா கூப்பிடவே மாட்டா, மிஸ்."

கண்மூடச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினேன். பாதியில், சாத்திய கதவுக்கு வெளியே, எங்கள் ஊர்த் தமிழில் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏட்டி ஜெபா."

என் வாய் தானாகத் திறந்தது. மூடிய கண்களோடு ரிமி தன் சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"ஜெபா."

நாங்கள் இருவரும் மூன்றாவதுக்காகக் காத்திருந்தோம்.